இஞ்சி போடாத ஞாயிறு

இஞ்சி வாசம் தூக்குதுடி என்று சொன்னாள் கோகிலா. போன ஞாயிற்றுக்கிழமை, இதே சாப்பாட்டு மேஜையில், எவர்சில்வர் டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை வேறு மூடிக்கொண்டு சொன்னாள். நான் இஞ்சி போடவேயில்லை. அன்றைக்கு வீட்டில் இஞ்சியே கிடையாது, காலை டீக்குக்கூட ஏலக்காய்தான் தட்டிப் போட்டேன். இல்லாத இஞ்சியை எப்படி மோந்தாள்? ஒரு வாரமாக இந்த ஒரு வார்த்தை மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிறது. பாத்திரம் கழுவினாலும் இஞ்சி, துணி மடித்தாலும் இஞ்சி. இப்போது நாரத்தங்காயைப் பிழிந்துகொண்டிருக்கிறேன், கொட்டை வடிகட்டியில் நிற்கிறது, விரல் நுனியில் இருக்கிற சின்னக் கீறல் எரிகிறது, அப்போதும் இஞ்சிதான். விடு வசந்தாமணி, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்வதற்கு இது என்ன, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் சொல்கிற பதிலா? இங்கே ஒரு முறை இருக்கிறது. முதல் வாய்க்கு யாரும் பேசக் கூடாது. விழுங்கிவிட்டு ஆளுக்கொரு வாசம் சொல்ல வேண்டும். நான் டம்ளரில் எதையாவது ஒளித்து வைத்திருப்பேன், கறிவேப்பிலையோ, சுட்ட அன்னாசியோ, வறுத்த மல்லியோ, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. கோகிலா பிளவுஸ் தைக்கிறவள், எவள் எந்த ஊர் நூல் சேலை கட்டியிருக்கிறாள் என்று தொடாமல் சொல்வாள், ஆனால் வாசத்தில் அவள் கொஞ்சம் மந்தம்தான், தெரியாவிட்டால் தெரியலைடி என்று சிரித்துவிடுவாள். அந்தக் கோகிலா கண்ணை மூடிக்கொண்டு இஞ்சி என்கிறாள். அதுவும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடுகிறாள். ஏதோ பச்சைப்பிள்ளை கிறுக்கியதைப் பார்த்து அட யானையா என்று கேட்பார்களே, அந்தக் குரலில்.

ஜன்னலைச் சாத்தியாயிற்று. திரையை இழுத்தாயிற்று. டிவியில் சாமி பாட்டு ஓடுகிறது, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு. என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி மாதத்தில் இரண்டு தடவை மொட்டை மாடியில் கூட்டாளிகளோடு விஸ்கி குடிப்பார், ஆம்லெட்டும் கடலையும் நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவர்கள் சிரிப்பது தெரு முனைவரை கேட்கும், யாருக்கும் ஒரு வெட்கமும் கிடையாது. நாங்கள் மூன்று பேர், ஐம்பதைத் தொடுகிற பொம்பளைகள், அவர் தோட்டத்துக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிப்பதற்கு இத்தனை திரையும் இத்தனை ஊதுவத்தியும் வேண்டியிருக்கிறது. கண்ணாடி கிளாஸ் கூடாது. யாராவது திடீரென்று கதவைத் தட்டினால் டம்ளரில் இருப்பது மோர். டிரிங்க் குலுக்குகிற இந்த ஷேக்கரை வாங்கியபோதும் மோர் அடிக்க என்றுதான் சொன்னேன், அவரும் நம்பினார், அல்லது நம்பிய மாதிரி இருந்தார், அவருக்கு எது சௌகரியமோ அது. ஜின் பாட்டிலை ரெஜினா மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். அவள் புருஷன் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கான்டீனில் கிடைக்கும், அவர் தொடுவதில்லை. காலை நடைப்பயிற்சியில் பழக்கமானவர்கள்தான் இரண்டு பேரும். பெங்களூரில் ஒரு கல்யாண வரவேற்பில் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு ஒரு பெண் கலந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்து, அதே மாதிரி வீட்டில் செய்து பார்த்து, இவர்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தேன். அன்றைக்கு கோகிலா, இத்தனை நாள் எங்கடி வெச்சிருந்த இதை என்று கேட்டாள். அதை நான் மறக்கவில்லை. அந்தக் கோகிலாதான் இப்போது இஞ்சி.

எனக்கு மூக்கு போய்விட்டது. வெளியே பார்த்தால் இருக்கிறது, எட்டுக்கல் மூக்குத்தியோடு ஜம்மென்று இருக்கிறது, உள்ளே வேலை செய்யவில்லை. பொங்கலுக்கு முன்னால் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல், ஒரே தட்டில் கடலை தின்றதன் பலன். மூன்று பேருமே எழுந்துவிட்டோம். என் மூக்கு மட்டும் எழவில்லை. பொங்கலன்றைக்கு அடுப்பு முன்னால் நிற்கிறேன், நெய்யில் முந்திரி சிவக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, வேறு ஒன்றுமில்லை. டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்க்கிற மாதிரி இருந்தது. டாக்டர் நாக்கில் கோளாறு இல்லையம்மா என்றார், இனிப்பு புளிப்பு உப்பு கசப்பு தெரிகிறதல்லவா என்றார், தெரிகிறது என்றேன், அப்புறம் என்ன என்கிற மாதிரி பார்த்தார். வாசம் வரலாம், வராமலும் போகலாம், காலையும் மாலையும் கிராம்பையும் எலுமிச்சையையும் மோந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மோந்துகொண்டிருக்கிறேன். பூஜை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிராம்பு டப்பாவோடு உட்காருகிறேன், வீட்டுக்காரர் ஜபம் என்று நினைத்துக்கொள்கிறார். யாருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? படையலுக்குச் சமைக்கும்போது வாயில் வைத்து எச்சில் பண்ணக் கூடாது என்பதால், எங்கள் வகையறாவில் எந்த வீட்டு விசேஷமானாலும் என்னைத்தான் கூப்பிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஆவியை மோந்தே உப்பு பத்தாது என்று சொல்லிவிடுவேன். வசந்தாமணி சொன்னா சரியா இருக்கும். படிப்பில்லை, உத்தியோகமில்லை, பாட்டு வராது, கோலம்கூடக் கோணல்தான். இது ஒன்றுதான் இருந்தது. இதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யார்? இதைக் கேட்கும்போதே எரிகிறது. யார் மேல் எரிகிறது என்றும் தெரியவில்லை, காய்ச்சலைப் போய் அடிக்கவா முடியும்.

பயமும் இருக்கிறது, இல்லாமல் என்ன. கேஸ் திருகியை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன், படுத்த பிறகு மறுபடி எழுந்து வருகிறேன். குளித்துவிட்டு மறுபடி குளிக்கிறேன், புடவையில் வியர்வை நாறுகிறதா என்று யாரைக் கேட்பது. ஊதுவத்தி கொளுத்துகிறேன், அது ஜின்னை மறைக்கிறதா இல்லையா, எனக்கு இரண்டும் ஒன்றுதான், புகை தெரிகிறது, அவ்வளவுதான். மாசி மாதத்தில் ஒரு நாள் திரிந்த பாலில் டீ போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்துபோய் வாஷ்பேசினில் துப்பினார். “என்னடி இது, மூக்கு கீக்கு செத்துப்போச்சா?” என்றார். சளி என்றேன். அன்றைக்கு முழுக்க அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு, முப்பது வருஷம் சமைத்துப் போட்டவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று. இந்த வாரம் நினைத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அந்த மனுஷன் துப்பினார். நன்றாக இல்லை, துப்பினார். கோகிலா துப்பவில்லை. ரெஜினா துப்பவில்லை. ஆறு மாதமாக நான் ஞாபகத்தில் இருந்து கலந்து ஊற்றுகிறேன், கை பழக்கத்தில் ஓடுகிறது, இருமல் மருந்து மூடியில் அளந்து ஜின் இவ்வளவு, சாறு இவ்வளவு, பாகு இவ்வளவு. நடுவில் நான் எவ்வளவு சொதப்பியிருப்பேன்? ஒரு நாள்கூடவா சொதப்பவில்லை? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரமாதம். போன மாதம் பிரமாதம், அதற்கு முந்தைய மாதம் பிரமாதம், ரெஜினா இன்னும் கொஞ்சம் ஊத்து என்று டம்ளரை நீட்டினாள். தெரிந்துவிட்டது அவர்களுக்கு. என் முதுகுக்குப் பின்னால் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள், பாவம் வசந்தா, ஒண்ணும் சொல்லிராத, குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லிரு. பாவமா நான்? பாவம் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. திட்டுகிறவர்களோடு மல்லுக்கு நிற்கலாம், இவர்களோடு என்ன செய்ய முடியும்.

அதனால்தான் காலையிலேயே கட்டிப் பெருங்காயத்தை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டேன். பொடியில்லை, கட்டி. பஸ்ஸில் பையில் வைத்துக்கொண்டு போனால் முன் சீட்டுக்காரன் திரும்பிப் பார்ப்பானே, அந்தக் கட்டி. கிண்ணத்தில் பால் மாதிரிக் கலங்கிக் கிடக்கிறது. குனிந்து மூக்கை நீருக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். ஒன்றுமில்லை. இன்னும் குனிகிறேன், மூக்குத்தி நனைகிறது. ஒன்றுமில்லை. இதுகூடவா தெரியாது, இதுகூடவா. மேடையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன், டிவியில் யாரோ முருகனைக் கூப்பிடுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. ஷேக்கரில் ஜின்னை அளந்து ஊற்றுகிறேன், நாரத்தைச் சாறு, நன்னாரிப் பாகு, ஆரஞ்சுத் தோல் பாகு, ஒரு சிட்டிகை உப்பு. பிறகு பெருங்காயத் தண்ணீர், ஒரு கரண்டி. ஒரு கரண்டி போதுமா? ரசத்துக்குப் போடுவதைவிட அதிகம்தான். இன்னொரு கரண்டி. ஐஸ் போட்டு மூடி, தோளுக்கு மேலே தூக்கி அடிக்கிறேன், அடிக்கிற அடியில் கோகிலா இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார், மொட்டை மாடி இருக்கிறது, உலோகம் சில்லிட்டு உள்ளங்கையில் ஒட்டுகிறது. மூன்று டம்ளரில் ஊற்றி சோடா விடுகிறேன். என் டம்ளரிலும் அதேதான். ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். புளிப்பு சரி, இனிப்பு சரி, அடியில் லேசாக ஒரு கசப்பு. எனக்கு இது நல்ல டிரிங்க். அதுதான் ஆத்திரமாக இருக்கிறது, எனக்கு இது நல்ல டிரிங்க்.

நாலு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ரெஜினா பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுப்பவள், ஞாயிற்றுக்கிழமையிலும் விடைத்தாள் கட்டு இருக்கிற பையோடுதான் வருவாள். வாசலில் செருப்பை விட்டவள் ஒரு நிமிஷம் நின்றாள், சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தாள். கோகிலா நேராக வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்ன வெயில், என்ன வெயில். டம்ளரைத் தள்ளினேன். முதல் வாய், பேச்சில்லை. அவர்கள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலாவின் தொண்டை ஏறி இறங்கியது. ரெஜினாவினுடையது ஏறி, நின்று, பிறகு இறங்கியது. சொல், சொல்லுடி, துப்பு, என்ன கருமத்தைடி போட்டிருக்கே என்று கேள், கேட்டால் காலில் விழுகிறேன்.

“அருமையா இருக்குது வசந்தா,” என்றாள் கோகிலா. “நன்னாரி வாசம் கமகமன்னு. ஏலக்கா போட்டியா?”

“நாரத்தை,” என்றாள் ரெஜினா. கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள்.

அவ்வளவுதான். ஆக, பேசி வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். இரண்டு கரண்டி கட்டிப் பெருங்காயத்தை விழுங்கிவிட்டு ஏலக்காயாம், நாரத்தையாம். நான் செத்தால்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு அழகா படுத்திருக்கா பார் என்று சொல்வார்கள். இன்னொரு வாய் குடிங்க என்றேன், என் குரல் எனக்கே வேறு ஆள் குரலாகக் கேட்டது. குடித்தார்கள். எழுந்துபோய் அடுக்களையில் இருந்து பெருங்காய டப்பாவையும் கிண்ணத்தையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன், வைத்த வேகத்தில் கிண்ணம் தளும்பி விடைத்தாள் பைமேல் தெறித்தது. “இதுதான் போட்டேன். ரெண்டு கரண்டி. ஏலக்காயாடி இது? போன வாரம் இஞ்சின்னயே, அன்னிக்கு வீட்டுல இஞ்சியே இல்ல. எதுக்கு நடிக்கறீங்க ரெண்டு பேரும்? எனக்கு மூக்கு போயிருச்சுன்னு தெரிஞ்சுபோச்சு, அதானே? மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே?”

கோகிலா டப்பாவைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து மோந்தாள், மறுபடி மோந்தாள், மூச்சு இரைக்கிற அளவுக்கு மோந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பூஜை அறையில் கிராம்பு டப்பாவோடு உட்கார்ந்திருக்கும்போது என் முகம் அதுதான்.

“பெருங்காயமா இது?” என்றாள். “எனக்கு ஒண்ணுமே தெரியறதில்லடி வசந்தா. அந்தக் காய்ச்சல்லயே போயிருச்சு. ஊட்டுல கூடச் சொல்லல. மருமவ நாளைக்கே அடுப்பங்கரையை எழுதி வாங்கிக்குவா.” மூக்கை உறிஞ்சினாள். “நீ வாசம் சொல்லுன்னு மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருப்ப. வாசமே தெரியாதவள எதுக்குக் கூப்பிடோணும்னு உட்டுருவியோன்னு இருந்துச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இஞ்சின்னா தப்பா போகாதுன்னு நெனச்சேன்.”

ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த கோபம், அத்தனையும் இவள் பேரில் எழுதி வைத்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நடு வீட்டில் நிற்கிறது. ஆறு மாதமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு குருடி இன்னொரு குருடியிடம் கலர் எப்படி என்று கேட்டிருக்கிறேன். சிரிக்கலாம், ஆனால் வயிறு எரிந்தால் சிரிப்பு எங்கே வரும். கோகிலாவை விட்டேன். அப்படியானால் இவள்? விடைத்தாள் பையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே, இவள்?

“உனக்கும் போயிருச்சா?” என்றேன்.

“இல்ல,” என்றாள் ரெஜினா. “வாசல்ல செருப்பு விடும்போதே தெரிஞ்சுது. கட்டிப் பெருங்காயம்.”

“அப்பறம் ஏன் நாரத்தைன்ன?”

“நாரத்தையும்தான் இருந்துச்சு.”

அறைந்திருப்பேன். நிஜமாகவே கை துடித்தது. எல்லாம் தெரிந்துகொண்டு, மூக்கு முழுசாக இருந்துகொண்டு, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு முட்டாள்களுக்கு நடுவில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் ஊத்து என்று டம்ளரை நீட்டியிருக்கிறாள். கோகிலாவினுடையது பயம், அதை நான் புரிந்துகொள்வேன், என் வீட்டிலும் அது இருக்கிறது. இது என்ன? பெரிய மனசா? யார் கேட்டார்கள் இவள் பெரிய மனசை? “எப்ப தெரியும் உனக்கு?” என்றேன்.

“தை மாசமே தெரியும். நீ கடலையைக் கருக்கி வறுத்து வெச்ச. இவ அதுல நெய் வாசம் வருதுன்னா. நீ ஆமான்ன. ரெண்டு பேரையும் பார்த்துட்டு நான் என்ன சொல்ல? யாராவது ஒருத்தி முதல்ல சொல்வீங்கன்னு காத்துட்டே இருந்தேன். நான் துப்பினா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தெரிஞ்சு போகும்.” குரல் ஏறியது அவளுக்கு. அவளும் கோபத்தில்தான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. “அதோட உங்கிட்ட யார் வசந்தா உண்மையைச் சொல்றது? போன வருஷம் ஒரு நாள் இனிப்பு ஜாஸ்தின்னேன். ரெண்டு வாரம் நீ எங்களைக் கூப்பிடல. வாக்கிங் வந்தப்பகூட அந்தப் பக்கமா போன. எனக்கு இந்த ஞாயித்துக்கிழமை வேணும். வீட்டுல அவரும் நானும் டிவியும்தான். அதனால குடிச்சேன். நீ கொடுத்த எல்லாத்தையும் குடிச்சேன். இதையும்தான்.”

இரண்டு வாரம் கூப்பிடவில்லைதான். இனிப்பு ஜாஸ்தி இல்லை அன்றைக்கு, இப்போதும் சொல்வேன், அளந்து போட்டது. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். டிவியில் பாட்டு முடிந்து விளம்பரம் கத்திக்கொண்டிருந்தது. போய் அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். என்னடி திறக்கற என்றாள் கோகிலா, நாறட்டும் என்றேன். அடுக்களைக்குப் போய் அலமாரியில் இருக்கிற பாட்டில் எல்லாவற்றையும் இரண்டு கையிலும் மார்போடும் அணைத்துக்கொண்டு வந்து மேஜையில் இறக்கினேன். பாகு, ஊறல், சாறு, எனக்குப் பெயர் மட்டும் தெரிகிற தண்ணீர்கள். நன்னாரிப் பாகைத் திறந்து ரெஜினாவின் மூக்குக்குக் கீழே நீட்டினேன்.

“சொல்லு.”

“நன்னாரி. நல்லா இருக்கு.”

“நல்லா இருக்குன்னு சொல்லாத. எப்படி இருக்குதுன்னு சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி மோந்தாள். “வேர் வாசம் குறைஞ்சிருக்கு. சர்க்கரைதான் முன்னால வருது.”

சரி. அடுத்தது ஆரஞ்சுத் தோல் பாகு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று டம்ளரிலும் நான் விட்டுக்கொண்டிருந்தது. பாட்டில் பக்கத்தில் வந்ததுமே ரெஜினா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சொல்வதா வேண்டாமா என்று அவள் முகத்தில் ஓடியதைப் பார்த்தேன். பொய் சொன்னால் இந்தப் பாட்டிலாலேயே அடிப்பேன் என்று நினைத்தேன், அதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

“பூசணம் புடிச்சிருக்கு வசந்தா. கெட்டுப்போச்சு. ரொம்ப நாளாவே.”

பாட்டிலைக் கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தேன். கெட்டியாக, நிதானமாக இறங்கியது. கெட்டுப்போச்சு. தை மாதத்தில் இருந்து என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை. குழாயைத் திறந்தேன், திறந்த வேகத்தில் தண்ணீர் சேலையில் தெறித்தது, கோபம்தான், வேறு என்ன. திரும்பி வந்து அடுத்த பாட்டிலின் மூடியைத் திருகினேன். கோகிலா நாற்காலியை இழுத்துக்கொண்டு ரெஜினாவுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“எனக்கும் சேத்துச் சொல்லுடி,” என்றாள்.